திருப்பூர்ப் பங்கு ஒன்றின் தொழிலாளர் உதவி மையம்: ஓராண்டுக்குப் பின் என் மதிப்பீடு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினேழு ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகிறேன். சம்பளப் பட்டியல், வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு ஆகிய மூன்றும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், ஒரு தொழிலாளருக்குச் சட்டப்படி என்ன சேர வேண்டும் என்பதும், அது எந்த இடத்தில் அவர் கைக்கு எட்டாமல் நின்றுவிடுகிறது என்பதும் எனக்கு ஓரளவு தெரியும். நகரின் வடபகுதியில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த மக்கள் சமூகம், கோயிலை ஒட்டிய பழைய மண்டபத்தில் தொழிலாளர் உதவி மையம் ஒன்றை நடத்துகிறது. கடந்த ஓராண்டாக மாதம் இருமுறையாவது அங்கே சென்று வருகிறேன். சில நாள் யாரையேனும் அழைத்துக்கொண்டு போவேன். சில நாள் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்காருவேன். நான் அந்தப் பங்கைச் சேர்ந்தவன் அல்லன். நெல்லைச் சீமையில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவன். மையத்தின் குறைகளையும் எழுதப் போவதாலும், அங்கு வருவோரில் பலர் கம்பெனிக்குத் தெரியாமல் வருகிறவர்கள் என்பதாலும், பங்கின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மையத்தின் பாதிச் சிறப்பு அதன் நேரத்தில்தான் இருக்கிறது. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை நீண்டால் ஒன்றரை ஷிப்டு. இந்த ஊரில் பெரும்பாலானோர் ஒன்றரை ஷிப்டை வைத்தே வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் கணக்கிடுகிறார்கள். சரக்குக் கப்பலேற வேண்டிய நாள் நெருங்கிவிட்டால் ஞாயிறும் வேலை நாளாகிவிடும். சம்பளம் சனிக்கிழமை மாலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒரு வாரத்துத் துணியைத் துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், கறி எடுத்துச் சமைக்க வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சும் இரண்டு மூன்று மணி நேரந்தான் அவர்களுடைய சொந்த நேரம். தொழிலாளர் குடும்பங்கள் ஆலயத்துக்கு வருவதில்லை என்று நான் செல்லும் சபையின் கூட்டங்களில் ஆண்டுதோறும் வருத்தத்தோடு பேசுவார்கள்; ஆராதனையோ ஞாயிறு காலை எட்டரை மணிக்கு. அந்த நேரத்தை மாற்றலாம் என்று நான் ஒருமுறை எழுந்து சொன்னபோது, அது முன்னோர் வகுத்த நேரம் என்ற பதிலோடு பேச்சு முடிந்துபோனது.

இந்தப் பங்கு அங்கேயே வேறுபட்டு நிற்கிறது. மையம் சனிக்கிழமை இரவு எட்டே முக்காலுக்குத் திறந்து பத்தரைக்கு மூடுகிறது. ஞாயிறு பிற்பகல் மூன்று முதல் ஏழு வரை திறந்திருக்கிறது. சனி இரவு எதற்கு என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. வந்து பார்த்தபோது விளங்கியது. சம்பளக் கவரைக் கையில் வாங்கிய அந்த இரவில்தான், பிடித்தம் எவ்வளவு, ஓவர்டைம் ஏன் குறைந்தது, போன வாரத்துப் பாக்கி எங்கே என்ற கேள்விகளெல்லாம் மனத்தில் சூடாக இருக்கும். திங்கட்கிழமைக்குள் அவை ஆறிப்போகும், கவரும் தொலைந்துபோகும். கம்பெனி வாசலில் வாரவட்டிக்காரர்கள் காத்திருக்கும் அதே இரவில், கோயில் மண்டபமும் விளக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். அந்த எண்ணத்துக்காகவே இந்த மையத்தை நான் மதிக்கிறேன்.

மண்டபத்தில் நான்கு மேசைகள் உள்ளன. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முதல் மேசையில் இருப்பார். எல்லோரும் அவரைப் பெரியப்பா என்றுதான் அழைக்கிறார்கள். இரண்டாவது மேசை வைப்பு நிதிக்கானது. அங்கே மடிக்கணினியோடு கல்லூரி மாணவர்கள் முறைவைத்து அமர்கிறார்கள். மூன்றாவதில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் ஒரு வழக்கறிஞர் வருகிறார். நான்காவது மேசை அருட்சகோதரிகளுடையது; அது மட்டும் திரைக்குப் பின்னால் இருக்கிறது, பெண்கள் உட்கார்ந்து பேசுவதற்கு. ஒவ்வொரு மேசையிலும் பேனா ஒன்று இடுப்பு எலாஸ்டிக்கால் கட்டப்பட்டிருக்கும். எவ்வளவு தூரம் இழுத்தாலும் வரும், விட்டால் தானாகத் திரும்பிப் போகும். பனியன் ஊரில் மட்டுமே காணக்கூடிய ஏற்பாடு அது.

முதல் மேசையின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண்ணைச் சென்ற ஆண்டு அங்கே அழைத்துப் போனேன். ஊசி அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலில் நகத்தின் வழியே இறங்கி, முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கம்பெனி அவரைத் தனியார் மருத்துவரிடம் அனுப்பி, ஊசி முனையை எடுத்து, தடுப்பூசி போட்டு, கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. பதினொரு நாள் அவரால் துணியைப் பிடிக்க முடியவில்லை. பதினொரு நாளும் சம்பளம் இல்லை. விபத்து நடந்ததாக எந்தத் தாளும் எழுதப்படவில்லை. பெரியப்பா அவசரப்படாமல் கேட்டார்: “எந்தக் கிழமை கண்ணு? மெஷினுக்குப் பக்கத்துல யாரு இருந்தாங்க? சூப்பர்வைசர் பேரு சொல்லு. டாக்டர் சீட்டு வெச்சிருக்கியா?” ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு, வேலையில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு இ.எஸ்.ஐ. தரும் என்று விளக்கினார். சாதாரண நோய்க்குக் கிடைப்பது 70 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். விபத்து என்று எழுதாமல் காய்ச்சல் என்று எழுதினால் அந்தப் பெண்ணுக்கு இழப்பு என்பதையும் சொன்னார். கம்பெனிக்கு ஒரு கடிதம் போனது. தாமதமாகவேனும் விபத்து அறிக்கை வந்தது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது.

கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விபத்து அறிக்கை அனுப்பினால் ஆய்வாளர் வருவார் என்ற அச்சத்தில் அதைத் தவிர்க்கும் வழக்கம் எங்கள் தொழிலில் பரவலாக உண்டு. நானே அப்படி இருந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் எழுதிய கடிதத்தில் கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும், தேதியும் மணியும் சாட்சியும் வரிசையாக நின்ற அந்த ஒரு பக்கத்தைப் படித்தபோது, என் மேசையில் இதுவரை எத்தனை விரல்களைக் கடந்து போயிருக்கிறேன் என்ற எண்ணம் வந்தது.

அந்த மேசைக்குப் பின்னால் உள்ள சுவரில் கையால் வரைந்த படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கட்டம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு கட்டம். முதற்கட்டத்தில் கட்டிய சந்தாவுக்கு அடுத்த சனவரி முதல் சூன் வரை பலன், இரண்டாம் கட்டத்துச் சந்தாவுக்குச் சூலை முதல் டிசம்பர் வரை பலன் என்று அம்புக்குறிகள் ஓடுகின்றன. ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா இருந்தால்தான் நோய்க்காலப் பணம் கிடைக்கும் என்பது சிவப்பு மையில் எழுதப்பட்டுள்ளது. திருப்பூரில் டெய்லர்கள், தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் பத்துப் பைசா கூடினால் அடுத்த கம்பெனிக்கு மாறிவிடுவார்கள், மாறுவதில் தவறில்லை. ஆனால் மாறும்போது பழைய இ.எஸ்.ஐ. எண்ணைச் சொல்லாமல் விட்டால் புதிய எண் ஒன்று போடப்படும். இங்கே நாற்பது நாள், அங்கே நாற்பது நாள் என்று சந்தா பிரிந்து கிடந்து, பிரசவத்துக்கு வந்து நிற்கும்போது எதுவும் தகுதிக்கு எட்டாமல் போகும். பிரசவக் காலப் பலன் 26 வாரத்துக்கு முழுச் சம்பளம். ஒரு செக்கிங் பெண்ணின் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளி தன் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் கட்டுகிறார்கள். கட்டிய பணத்தின் பயனை அடைய வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு அந்தச் சுவர்ப் படம் செய்த நன்மை பெரிது. என் பார்வையில் அது பல பிரசங்கங்களுக்கு ஈடானது. ஒரு போதகரின் பேரன் இதை எழுதுகிறேன் என்பதால் பிரசங்கத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம்.

வைப்பு நிதி மேசையிலும் இதே கதைதான். ஒன்பது ஆண்டுகளில் ஆறு கம்பெனி மாறிய பேட்லாக் டெய்லர் ஒருவரிடம் யு.ஏ.என். என்ற வைப்பு நிதிக் கணக்கெண்கள் நான்கு இருந்தன; ஆதாரில் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர், கம்பெனி ஏட்டில் பெயருக்கு முன்னால் முதலெழுத்து, வங்கியில் இரண்டுமே இல்லை. மாணவர்கள் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். நான்கு ஞாயிறுகள் பிடித்தன. இந்த மேசைக்கு ஒரு குறை உண்டு: பரீட்சைக் காலம் வந்தால் ஆளில்லை. ஏப்ரலிலும் நவம்பரிலும் சென்றவர்கள் அடுத்த மாதம் வரும்படி திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு ஞாயிறு வீணாவது அவர்களுக்கு எத்தகைய இழப்பு என்பதை அறிந்த மையமே அப்படிச் செய்தபோது வருத்தமாக இருந்தது.

மண்டபத்தின் மாடியில் வாரம் ஆறு நாளும் நடக்கும் மாலை நேரப் பிள்ளைகள் கூடம் இந்த மையத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் துணிபு. பள்ளி நாலரைக்குள் விட்டுவிடும். தாய் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். இடைப்பட்ட நான்கரை மணி நேரம் லைன் வீடுகளில் பிள்ளைகள் தனியாக, பெரும்பாலும் வெளித் திண்ணையில், கைப்பேசியோடு கிடக்கிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் தாயின் மனம் தையல் எந்திரத்தில் நிற்காது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம் சொன்னது. ஆனால் பிற கம்பெனிகளுக்காக வேலை செய்து கொடுக்கும் இந்த ஊரின் ஜாப் ஒர்க் கூடங்கள் பலவற்றில் ஐம்பது பேர் இருப்பதே இல்லை. பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைக்குக் காப்பகத்தால் பயனும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்தக் கூடம் நிற்கிறது. நாற்பது பிள்ளைகள் வரை வருகிறார்கள். ஆறு மணிக்குச் சுண்டலோ வேர்க்கடலையோ கொடுக்கிறார்கள். வீட்டுப் பாடம் எழுத வைக்கிறார்கள். எட்டு மணிக்குமேல் சிறுபிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். கட்டிங் வேஸ்ட் அடைத்த மெத்தைகளைப் பங்கு மக்களே தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டேமுக்கால் இருக்கும். மாடிப் படியேறி வந்த ஒரு தாய், தூங்கும் மகளை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்தச் சிறுமி கண்ணை முழுதாகத் திறக்காமலே, அம்மாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சுப் பிசிறுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கத் தொடங்கினாள். நாள்தோறும் செய்கிற பழக்கம் போலும். விரல்கள் தாமாகவே இடத்தைக் கண்டன. எடுத்த பஞ்சை அருட்சகோதரி நீட்டிய உள்ளங்கையில் வைத்துவிட்டு அவள் மீண்டும் தூங்கிப்போனாள்.

இந்தக் கூடத்துக்கு மதம் ஒரு நிபந்தனையாக இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். வருகிற பிள்ளைகளில் கிறித்தவர்கள் சிறுபான்மை. செபம் நடக்கும் நேரத்தில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் கீழே இறங்கிக் கோயிலுக்குப் போகிறார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் நேரத்தில் ஓர் இடறல் நடந்தது. பரிசுப் பைகள் வழங்கியபோது பங்கின் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்கு மீதியிருந்தால் என்று வரிசை பிரித்துவிட்டார்கள். ஆண்டு முழுவதும் ஒரே பாயில் உட்கார்ந்த பிள்ளைகள் அன்று இரண்டு வரிசையில் நின்றார்கள். யாரோ ஒரு நிர்வாகியின் அவசர முடிவு என்றும், இனி அவ்வாறு நடக்காது என்றும் பங்குத்தந்தை பிறகு என்னிடம் சொன்னார். ஆயினும் ஒரு பிள்ளையின் மனத்தில் அது எத்தனை நாள் தங்கும் என்பதை நினைத்து, இந்தக் குறையை மறைக்காமல் எழுதுகிறேன்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கான பணி தனியாகப் பேசத்தக்கது. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் திருப்பூரில் இன்று எந்தக் கம்பெனியும் ஓடாது. தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் ரயில் நம் நிலையத்தில் நிற்கும்போது இறங்கும் பைகளைப் பார்த்தாலே அது தெரியும். அவர்களில் ராஞ்சிப் பக்கத்து ஓராவோன், முண்டா, காரியா பழங்குடி மக்களும், ஒடிசாவின் சுந்தர்கட், கந்தமாலைச் சேர்ந்தவர்களும் கணிசமான அளவில் கிறித்தவர்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர்களுக்கென்று இந்தியில் திருப்பலி நடக்கிறது. காணிக்கைப் பாடலைச் சாத்ரி மொழியில் அவர்களே மாந்தர் என்ற மேளத்தைக் கொட்டிப் பாடுகிறார்கள். வாரம் முழுவதும் கைமடிப்பவராகவோ அயர்ன் மேசை உதவியாளராகவோ ஏவப்படுகிற ஓர் இளைஞன் அந்த மேளத்தைக் கழுத்தில் மாட்டும்போது நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 2008இல் கந்தமாலில் கிறித்தவர்கள்மீது நடந்த வன்முறைக்குப் பின் ஊரைவிட்டு வெளியேறிய குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், தன் மொழியில் ஒரு பாடல் கேட்ட அன்றுதான் இந்த ஊரில் இரவு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்.

ராஞ்சியைச் சுற்றிய சோட்டாநாக்பூர் பகுதி மக்கள் கோயிலுக்கு வழக்குக் காகிதங்களோடும் வருவதை இங்குள்ள சிலர் வியப்பாகப் பேசுகிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. 1885இல் அந்தப் பகுதிக்கு வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு, ஜமீன்தார்களிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த பழங்குடி மக்களின் வழக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் வரை அவர்களுக்குத் துணை நின்றவர். குரு என்றால் காகிதம் படித்துச் சொல்கிறவர் என்ற நம்பிக்கை அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு இங்கே வருகிறவர்களைத் திருப்பூர்க் கோயில்கள் பூட்டிய அலுவலகக் கதவோடு வரவேற்கலாகாது.

வடமாநிலத்தவருக்காக இந்த மையத்தில் நான் கண்ட மிகப் பயனுள்ள வேலை, தனக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற நாமினி பெயரை எழுதுவது. இருபது வயது இளைஞர்கள் வேலைக்குச் சேரும்போது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும், இ.எஸ்.ஐ. இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் தரும். நாமினி பெயர் இல்லையென்றால், ஒடிசாவின் ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு தாய் இந்தப் பணத்துக்காக எத்தனை முறை ரயில் ஏற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தவக்கால மாதத்தில் மட்டும் மாணவர்கள் விடுதி விடுதியாகச் சென்று, கைப்பேசியில் அம்மாவின் ஆதாரை வரவழைத்து, இந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது என்பதையும், ஊர் அட்டையைக் கொண்டு இங்குள்ள நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கலாம் என்பதையும் அதே பயணத்தில் சொல்லிவந்தார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவி, அஞ்சிய தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிய நாட்களில், இந்த மண்டபத்திலிருந்து பெற்றோருக்குக் காணொளி அழைப்புப் போட்டு அருட்சகோதரிகளே பேசினார்கள் என்று பழைய தன்னார்வலர்கள் சொல்கிறார்கள். நான் அப்போது அங்கே இல்லை.

இனி மையத்தின் பெரிய குறைக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டானது, பிறகு வாரத்தில் நான்கு நாளானது. அந்தக் குழப்பத்தில் ஒரு கான்ட்ராக்டர் பதினான்கு பேருக்கு இரண்டு வாரப் பீஸ் ரேட் கூலியைக் கொடுக்காமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய முதலாளியே கொடுக்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விதி. பதினான்கு பேரையும் நான்தான் மையத்துக்கு அழைத்துச் சென்றேன். பெரியப்பா எழுதிக்கொண்டார், வழக்கறிஞர் அடுத்த ஞாயிறு தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதுவதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு மனு எழுதப்படவில்லை. வேலை வாங்கிய முதலாளி அந்தப் பங்கின் நிதிக்குழுவில் இருக்கிறார் என்பதும், மாடிக் கூடத்தின் மின்விசிறிகள் அவர் கொடுத்தவை என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. தாம் அவரிடம் தனியாகப் பேசுவதாகப் பங்குத்தந்தை சொன்னார். பேசவும் செய்தார், அதில் ஐயமில்லை. தீபாவளி கடந்தது. நவம்பரும் கடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரத்தில் பாதித் தொகை கவரில் வந்தது, மையத்தின் வழியாக, ஓர் உதவி போல.

அது உதவி அன்று, கூலி. மாலை சூரியன் மறையும் முன் கூலிக்காரனுக்குக் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற மோசேயின் சட்டத்தை நாங்கள் எல்லோரும் ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தப் பதினான்கு பேரில் கிறித்தவர் மூவர்தாம். அவர்கள் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு அன்று முடியவில்லை, அழைத்துச் சென்றவன் நான் என்பதால்.

முதலாளியும் தொழிலாளியும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்கும் சபையில் இந்தச் சிக்கல் எழுவது இயல்பு; அதைத் திருச்சபை இன்று புதிதாகச் சந்திக்கவும் இல்லை. 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடல், நியாயமான கூலியைத் தருமமாகக் கருதாமல் நீதியின் கடனாக வைத்துப் பேசியது. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஏற்றது. தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில், சோ ஹ்வா சூன் என்ற மெதடிஸ்டு பெண் போதகர் 1966இல் டோங்கில் என்ற நூல் ஆலையில் தாமே தொழிலாளியாகச் சேர்ந்து சில மாதம் வேலை செய்தார். கற்பிக்கப் போனவர் கற்றுக்கொண்டு திரும்பினார். பிறகு அந்த ஆலையின் பெண்கள் தங்கள் சங்கத்தைத் தாங்களே நடத்தத் துணை நின்றதற்காகச் சிறைக்கும் சென்றார். திருப்பூர்ப் பங்கு ஒன்றிடம் நான் சிறைக்குப் போகச் சொல்லவில்லை. புகார் வந்தால் அது யாருக்கு எதிரானது என்று பார்க்காமல் பதினைந்து நாளில் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பும் ஒரு விதியையும், நிதிக்குழுவுக்கு எட்டாத இடத்தில் அந்தப் புகார்க் கோப்பையும் வைக்கச் சொல்கிறேன். கொடுப்பவர்களை இழந்துவிடுவோம் என்று நிர்வாகி ஒருவர் என்னிடம் சொன்னார். மின்விசிறிகளைப் பங்கு மக்கள் மாதம் இருபது ரூபாய் போட்டு வாங்கிவிடலாம். சனி இரவு எட்டே முக்காலுக்கு அந்த மண்டபத்துக்கு வர வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுகிற நம்பிக்கையை வாங்க முடியாது.

சிறு குறைகள் சிலவும் உண்டு. கழிப்பறை ஒன்றுதான், அதுவும் மண்டபத்துக்குப் பின்னால் இருட்டில் இருக்கிறது. எட்டரை மணி வரை இயற்கைக் கடனை அடக்கிக்கொண்டு தைத்த பெண்கள் நேராக இங்கே வருகிறார்கள் என்பதை நினைத்தாவது அதைச் சீராக்க வேண்டும். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது. திரைக்குப் பின்னால் பேசுவது வெளியே கேட்கிறது. சூப்பர்வைசரின் தொல்லையைப் பற்றிச் சொல்ல வந்த ஒரு பெண், பக்கத்து மேசையில் தன் ஊர்க்காரர் இருப்பதைக் கண்டு எழுந்து போனதை நானே பார்த்தேன். அவருக்கு ஓர் அறை வேண்டும், கதவோடு.

மற்றச் சபைகள் இத்தகைய மையம் தொடங்க எண்ணினால், செலவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மண்டபம் எல்லாச் சபையிலும் உண்டு. ஞாயிறு பிற்பகல் அது பூட்டித்தான் கிடக்கிறது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவராவது எல்லாச் சபையிலும் இருப்பார். அவரை ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி உட்கார வைப்பதைவிட இந்த மேசையில் உட்கார வைக்கலாம். தொடங்கும் முன் ஒரு மாதம் தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று, எந்த நேரம் அவர்களுக்கு ஒழியும் என்று கேட்டு எழுதிவர வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தொடங்கிய மருத்துவ முகாம் ஒன்றில், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்திருந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

மையத்துக்குச் செல்கிறவர்கள் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கைப்பேசி, பழைய கம்பெனிகளின் இ.எஸ்.ஐ. எண், கிடைத்த சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். சீட்டு இல்லையென்றால் சம்பளக் கவரின் மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். இ.எஸ்.ஐ. வேலைக்குச் சனி இரவே நல்லது, கூட்டம் குறைவு. வைப்பு நிதிக்கு ஞாயிறு மூன்று மணிக்கே போய்விடுங்கள். சம்பளப் பாக்கி என்றால் இரண்டாம், நான்காம் ஞாயிறு போய், மனுவின் நகலை உங்கள் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

கடந்த மாதம் மூன்றாவது மேசையில் ஒரு புதிய பதிவேடு வந்திருக்கிறது. நீலத் துணி அட்டை, வரிசை எண், புகார் வந்த தேதி, அனுப்பிய தேதி, முடிவு என்று கட்டங்கள். பங்குத்தந்தையே வாங்கி வைத்ததாகப் பெரியப்பா சொன்னார். முதல் பக்கத்தில் அந்தப் பதினான்கு பேரின் பெயர்களும், ஒவ்வொருவருக்கும் வர வேண்டிய மீதிப் பாதியும் ரூபாய் பைசாவோடு எழுதப்பட்டிருக்கின்றன. அனுப்பிய தேதி நிரப்பப்பட்டுவிட்டது. கடைசிக் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஞாயிறுதோறும் போகும்போது நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப் பார்க்கிறேன்.